அது மட்டும் வேண்டாம்

"கெமிஸ்ட்ரியா? அதைப் படிச்சு நான் என்னத்தைக் கிழிச்சேன்?"

கல்லூரி விண்ணப்பத்தைப் பார்த்ததும் அப்பா பொரிந்து தள்ளினார். ஆய்வகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவர்.

"மருந்து கம்பெனி, தடயவியல், உணவுப் பரிசோதனைன்னு எத்தனை வேலை இருக்குப்பா!" என்றாள் மகள்.

"சரி, மருந்து பக்கம் போற கோர்ஸாப் பார்த்து எடு."

"இல்லப்பா, சுற்றுச்சூழல் வேதியியல்தான் எடுக்கப்போறேன்."

"அது மட்டும் வேண்டாம்! சாக்கடைத் தண்ணிய பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு தெருத்தெருவா அலையற பொழப்பு அது."

மகள் விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அம்மாவுக்கு கிட்னி போனதே நம்ம தெருத் தண்ணியாலதான்னு டாக்டர் சொன்னாரே. சாயப்பட்டறைக் கழிவு அதுல கலந்துச்சா இல்லையான்னு நானே கண்டுபிடிக்கணும்ப்பா. பழைய தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டெல்லாம் எழுதிக் கேட்டா தருவாங்களாம்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னப்பா, அம்மா ஞாபகம் வந்துடுச்சா?" மகள் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மனைவி நோயில் விழுவதற்கு முந்தைய வருடம் தெருத் தண்ணீரைச் சோதித்தவர் அவர்தான். கழிவின் அளவு கொஞ்சம்தானே கூடியிருக்கிறது, யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று பட்டறை முதலாளியின் பேச்சைக் கேட்டு, 'குடிக்க உகந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.