செஞ்சி மலையில் வெறுங்கால்

"இப்பவே சொல்லிட்டேன். பாதையெல்லாம் கல்லும் முள்ளும். செருப்பு இல்லாதவங்க மேல ஏற வேணாம், கீழயே இருந்துடுங்க. கால்ல குத்திடுச்சுன்னா தூக்கிட்டு இறங்க என்னால ஆகாது."

வேன் கீழ்பென்னாத்தூரைத் தாண்டும்போதே ஹெட்கிளார்க் சகாதேவன் கறாராகச் சொல்லிவிட்டார்.

எழுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம். திருவண்ணாமலையிலிருந்து அவருடைய ஆபீஸே செஞ்சிக்கோட்டை பார்க்கக் கிளம்பியிருந்தது. ஆபீசர் ஆதிமூலத்திலிருந்து பெருக்குகிற காசியம்மாள் வரை பதினாலு பேர். கோட்டை என்றால் சகாதேவனுக்கு உயிர். அத்தனை பேரையும் உச்சிக்குக் கூட்டிப்போய் வாய்பிளக்க வைக்க வேண்டும் என்று மூன்று மாதமாக ஏற்பாடு செய்திருந்தார்.

அடிவாரத்திலேயே வந்தது வினை.

டைப்பிஸ்ட் ராஜம்மாள் செருப்பைக் கழற்றி வேன் ஓரமாக விட்டாள்.

"அண்ணாமலையார் ஊர்க்காரங்க நாம. நமக்கு மலைனா சாமி. செருப்புக்காலோட மிதிக்க எனக்கு மனசு வரல சார்."

"இது ராஜாக்கள் கட்டின கோட்டைங்க. நாம என்ன கிரிவலமா வந்திருக்கோம்?"

அவள் அசையவில்லை. சாமி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். ஆதிமூலம்கூட பூட்ஸைக் கழற்றிவிட்டார். வேறு வழியில்லாமல் சகாதேவனும் தன் புதுச்செருப்பை விட்டார்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் கோபுரம். ஆனால் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் இந்த ராஜம்மாள். அவளுக்கு இன்றைக்குப் பார்த்தா பக்தி பொங்க வேண்டும்?

வழியெல்லாம் முனகல்தான். பாதிப் பேர் திரும்பிவிடுவார்களோ என்று சகாதேவன் பயந்தார். நல்லவேளை, கோட்டை அவரைக் கைவிடவில்லை. மதில்மேல் மதிலாக ஏறிய வாசல்களைப் பார்க்கப் பார்க்க முனகல் குறைந்தது. பாறைப் பிளவின்மேல் கிடந்த பலகைப் பாலத்தைத் தாண்டியதும் நின்றே போனது. மராத்தியரும் நவாபும் பிரெஞ்சுக்காரரும் இதற்காக ஏன் அப்படி அடித்துக்கொண்டார்கள் என்று இப்போது புரிகிறது என்றார் ஆதிமூலம். சகாதேவனுக்குக் கால்வலி மறந்துவிட்டது.

உச்சியில் எல்லோருக்கும் முந்திப் போய் நின்றவள் காசியம்மாள்.

"சார், அதோ பாருங்க, நம்ம மலை."

மேற்கே நீலமாக அண்ணாமலை. பதினாலு பேரும் கைகூப்பினார்கள். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்தவர்தான் சகாதேவன். அது இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

இறங்கி வந்து அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். கடைசி ஜோடி சகாதேவனுடையது. மனசு குளிர்ந்திருந்ததால் ராஜம்மாளைச் சீண்டிப் பார்க்கத் தோன்றியது.

"ஆமா, உங்களுக்கு இந்த பக்தியெல்லாம் எப்போ வந்துச்சு?"

ராஜம்மாள் வேனைப் பார்த்தாள். செருப்புக் குவியல் பக்கமே வராமல் நேராக ஏறிவிட்ட காசியம்மாள், முதல் சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில வேன்ல நீங்க பேசினீங்களே சார், அப்போ வந்துச்சு" என்றாள் ராஜம்மாள், மெதுவாக.