கேட் மீட்டிங்குக்கு ஒரு டிரான்ஸ்பார்மர்

சங்கத்து மைக்செட்டின் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிற்று. யாக்கோபு விடிந்ததிலிருந்து புதிதாகச் செம்புக்கம்பி சுற்றி, அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, வார்னிஷ் பூசி வெயிலில் காயவைத்தார்.

"இன்னாண்ணே, சோறுகூட துன்னாம?" என்றான் கம்பெனியில் அவரோடு வேலை செய்த ஜோயல்.

"கம்பெனி தொரத்துன என்னியத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லித்தானே நாப்பது நாளா ஸ்ட்ரைக்குல கீறீங்க? இத்தகூட செய்யமாட்டனா?"

சாயங்காலம் கம்பெனி கேட் முன்னால் தலைவர் சின்னப்பராஜ் மைக்கைப் பிடித்தார். சுங்குவார்சத்திரம் டீக்கடை வரைக்கும் கேட்டது.

"தோழர்களே, பேச்சுவார்த்தை முடிஞ்சிடுச்சு! யாக்கோபு ஒருத்தரத் தவிர, மத்த எல்லாரும் நாளைக்கே ஷிப்ட்டுக்குப் போலாம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

யாக்கோபின் முகத்தைப் பார்க்காமலே ஜோயல் மெல்லச் சொன்னான்: "டிரான்ஸ்பார்மர் சூப்பர்ணே. துளிகூட இரைச்சல் இல்ல."