மூன்றாம் நம்பர் பெட்டி

"மூணாம் நம்பர் பெட்டி வந்தா, கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு ஓம்னு எழுதிடு. கடைசி வருஷம் நாங்க எல்லாரும் அதைத்தான் எழுதினோம்" என்று சொல்லித் தங்கையை அனுப்பினான் அண்ணன். அதே கல்லூரியில் அப்ளைடு பிசிக்ஸ் பட்டத்தை இரண்டு வருடங்களுக்கு முன்பு முதல் வகுப்பில் முடித்தவன்.

செய்முறைத் தேர்வில் அவளுக்கு அந்தப் பெட்டியே வந்தது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின் மின்தடையை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் ஏழு ஓம்.

"அடிச்சிட்டு அஞ்சுன்னு போடுடி" என்று கிசுகிசுத்தாள் பக்கத்து மேசைத் தோழி.

ஆனாலும் ஏழு என்றே எழுதிக் கொடுத்தாள்.

தேர்வாளர் ஆய்வகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். "காலையில இதே பெட்டியில ஆறு பேருக்கு அஞ்சு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏழு. எது சார் சரி?"

"ஏழுதான் சார். பழைய சுருள் எரிஞ்சு போச்சு, வேற மாத்தியாச்சு" என்றார் பொறுப்பாளர்.

வீட்டில் காத்திருந்த அண்ணனுக்கு நம்ப முடியவில்லை.

"ஏழுன்னு எழுதியா முழு மார்க்கு?"

"ஆமாண்ணா. அந்தப் பெட்டியை நிஜமா அளந்த முதல் ஆள் நான்தானாம். பொறுப்பாளர் கை கொடுத்தார்."

"சுருளை மாத்தினா நோட்டீஸ் போர்டுல போட வேண்டாமா? எப்ப மாத்தினாங்களாம், போன வாரமா?"

"நாலு வருஷம் ஆச்சாம்ணா."

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன் பட்டத்தை அண்ணன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.