நெல்சனுக்கு ஒரு மாகாணம்

"மானிட்டோபா வேண்டவே வேண்டாம். அங்க உன் அத்தை சாரா இருக்கா" என்றாள் ராஜகுமாரி.

மகள் ஜெசி கைப்பேசித் திரையைத் தள்ளினாள். "அப்ப ஒன்டாரியோ? வேலை நெறைய இருக்காம்மா. டொராண்டோல நம்ம சர்ச் ஆளுங்களே பாதிப் பேரு..."

"அதனாலதான் வேண்டாங்கிறேன்."

பர்மாவின் தின்கன்ஜூனில், தகரக் கூரை போட்ட அந்த வீட்டின் முன்னறையில், ஞாயிற்றுக்கிழமைக் காலை விடிந்ததிலிருந்து கனடாவை அலசிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கியதில் மகன் நெல்சன் பெயர் விழுந்திருந்தது. அகப்பட்டால் பயிற்சி முகாம், அப்புறம் சண்டை நடக்கும் ஊர், அப்புறம் கர்த்தர் விட்ட வழி.

அவன் பாங்காக் போய்விட்டான், அங்கிருந்து கனடாவுக்கு என்று தெருவில் பேச்சு. எந்த மாகாணம் என்பதுதான் பாக்கி. வெளிநாடு போன பிள்ளைகளுக்காகச் சபையில் ஊர்ப் பெயர் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். இன்றைய ஆராதனைக்கு முன் பாஸ்டரிடம் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும்.

பொதுவாக வெளிநாடு கிளம்புகிறவர்கள் நம்மாள் எங்கே இருக்கிறான் என்று தேடுவார்கள். ராஜகுமாரியின் கணக்கு தலைகீழ். ஆல்பர்ட்டாவில் சித்தப்பா மகன், வான்கூவரில் பழைய பாடகர் குழுப் பையன்கள், எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். சொந்தக்காரர்களிடம் பட்டவர்கள் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"சஸ்காட்சுவான்" என்று ஜெசி தட்டுத்தடுமாறி வாசித்தாள். "கோதுமை வயல், சுரங்கம்னு போட்டிருக்கு. நம்மாளுங்க யாரும் இருக்கறதா தெரியல. ஆனா குளிர்தான் மைனஸ் நாப்பது வரைக்கும் போகுமாம்."

"குளிர் ஒண்ணும் பண்ணாது. இந்த வெயில்தான் எனக்குப் பயமா இருக்கு." மின்சாரம் போய் வெகுநேரமாகியிருந்தது. ராஜகுமாரி விசிறியை எடுத்தாள், வீசாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கணவர் ஞானசுந்தரம் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒரே மகன் விஷயம். அப்பனுக்கு நெஞ்சு படபடக்க வேண்டும், இல்லை கண்ணாவது கலங்க வேண்டும். அவருக்கு ஒன்றுமே வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய் எத்தனையோ நாளாகிவிட்டது.

"சரி, அதுவே இருக்கட்டும்" என்றார், கடையில் காய் வாங்கச் சம்மதிப்பதுபோல.

அப்போது கதவு தட்டப்பட்டது. வார்டு ஆபீசிலிருந்து ஊ சோ வந்திருந்தார். கூடவே துப்பாக்கியோடு வந்த ஆள் வாசலிலேயே நின்றுகொண்டான்.

ஊ சோ தெரிந்த மனிதர்தான், சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். ஜெசி லபெட் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஊறிய தேயிலையை ஒரு கரண்டி எடுத்து மென்றபடி பர்மிய மொழியில் கேட்டார்.

"பையன் எங்கே?"

"கனடா" என்றார் ஞானசுந்தரம்.

"கனடா ரொம்பப் பெரிசாச்சே. எந்தப் பக்கம்?"

"சஸ்காட்சுவான்." ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை.

"அங்கே உங்க ஆளுங்க யார் இருக்காங்க? ஃபோன் போட்டு விசாரிக்கலாமா?"

"யாருமே இல்லைங்க" என்றாள் ராஜகுமாரி. "தனியாத்தான் இருக்கான்."

ஊ சோவின் பார்வை செருப்பு வைக்கும் இடம், கொடியில் கிடந்த துணி, உள்ளறைத் திரை என்று ஒரு சுற்றுப் போய் வந்தது. அவர் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாவம். பெத்தவங்க முகத்தைக்கூடப் பார்க்காம, அவ்வளவு தூரத்துல" என்று எழுந்தார்.

அவர்கள் வந்த ஜீப் தெருமுனையைத் திரும்புகிறவரை மூவரும் வாசலிலேயே நின்றார்கள். பிறகு ராஜகுமாரி கதவைத் தாழிட்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மேலே கூரைக்குக் கீழ் அடித்திருந்த பலகையை ஒரு விரலால் தட்டினாள்.

"போயிட்டாங்கடா. இப்ப இருமிக்கோ."