துஷ்டி வீட்டில் ஒரு சேர்

சேர் வந்துவிட்டது. மறுபடியும்.

பந்தலில் ஆண்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் சேர்களில் ஒன்றை உருவிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"மேல உக்காருங்க. தரை உங்களுக்கு ஒத்துக்காது."

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

காலையிலிருந்து இதே வேண்டாம்தான். தமிழில் சொல்லியாயிற்று. கையெடுத்துக் கும்பிட்டும் சொல்லியாயிற்று. போன தடவை வந்த சேரை அவளே வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். கால் முளைத்த மாதிரி அது திரும்பி வருகிறது.

நடுவீட்டில் அவளுடைய மாமியார் கிடந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி.

சுற்றிலும் தரையில் பெண்கள்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் துஷ்டி கேட்க வருகிற பெண்கள் வாசலிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு ஓவென்று அழுதபடி வருவார்கள். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருத்தி கழுத்தையும் கட்டிக்கொண்டு அழுவார்கள். முதலில் மகள். பிறகு மூத்த மருமகள் செல்வக்கனி. பிறகு இளைய மருமகள்.

இளைய மருமகள் அவள்தான்.

அவளிடம் வந்ததும் அழுகை நின்றுவிடுகிறது.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள். கும்பிடுகிறார்கள். ஒருத்தி கை குலுக்கினாள். இன்னொருத்தி, பிணத்தை வைத்துக்கொண்டு, "ஃபிளைட்டுல வந்தியளா?" என்று கேட்டாள்.

ஃபிளைட்டாம். தென்காசியில் குடியிருக்கிறாள். பஸ்ஸில் வந்தாள். உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டே வந்தாள்.

கேட்டவள் நகர்ந்துபோய் அடுத்தவளைக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை ஒருநாளும் அவளுக்குச் சேர் போட்டதில்லை. கல்யாணமாகி ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே தேங்காயையும் துருவியையும் கையில் கொடுத்தாள். "ஏட்டி, இது சாம்பாரா, கழனித்தண்ணியா?" என்று ஊர் கேட்கக் கேட்டாள். செல்வக்கனி வாங்கிய திட்டும் அவள் வாங்கிய திட்டும் ஒரே திட்டு.

இந்த ஊரில் அவளைத் திட்ட ஒரே ஒரு ஆள் இருந்தாள். அந்த ஆளும் போய்விட்டாள். அழக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். புருஷன் இசக்கிராஜ் தண்ணீர்த் தொட்டி ஓரம் துண்டோடு நின்றான். ஆஸ்பத்திரியில் தூக்கம் கெட்டு அவன் கண் சிவந்திருந்தது.

எனக்கு மட்டும் சேர் போடுகிறார்கள், என்னை மட்டும் யாரும் கட்டி அழமாட்டேன் என்கிறார்கள், நான் வெள்ளைக்காரி என்பதால்தானே என்று கேட்டாள்.

"சேர் குடுத்தது ஒரு குத்தமா?" அவன் சீறினான். "உங்க ஊர்ல நான் கடைக்குள்ள கால் வச்சாலே ஒருத்தன் பின்னாலயே வருவான். உங்கிட்ட வந்து சொன்னேன். நீ என்ன சொன்ன? அது உன் நினைப்புன்னு சொன்ன. இதுவும் உன் நினைப்புதான். போ."



சொல்லியிருந்தாள். வாஸ்தவம்தான்.

அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கலாமா? அங்கே அவன் திருடன். இங்கே அவள் விருந்தாளி. விருந்தாளியை யாரும் விரட்டவில்லை, பின்னால் வரவில்லை, பையைத் திறந்து காட்டு என்று சொல்லவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சரி.

ஆனால் செத்த வீட்டில் விருந்தாளிக்கு என்ன வேலை?

உள்ளே வந்தாள். சேரின் மேல் இப்போது ஒரு தண்ணீர் பாட்டில். சீல் உடைக்காதது. எரிச்சலாக வந்தது. சேரைச் சுற்றிக்கொண்டு போய்ச் செல்வக்கனிக்கு அடுத்து, தரையில் உட்கார்ந்தாள்.

ஆலங்குளத்திலிருந்து அத்தையின் தங்கை வந்தாள். தலைவிரி கோலம். கண்ணைத் திறக்க முடியாத அழுகை. மகளைக் கட்டினாள். செல்வக்கனியைக் கட்டினாள். அடுத்துக் கைக்கு அகப்பட்ட கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"எங்கக்காவ எங்கட்டி விட்டிய?"

அவ்வளவுதான். அவளுக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் பீறிட்டது.

"யத்தே! இனி என்னத் திட்ட ஆரு இருக்கா யத்தே!"

தொண்டை கிழியக் கத்தினாள். மூக்கு ஒழுகியது. துடைக்கத் தோன்றவில்லை.

மகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

ஆலங்குளத்துச் சித்தி கண்ணைத் திறந்தாள். யாரைக் கட்டியிருக்கிறோம் என்று பார்த்தாள். பிடி தளர்ந்தது.

"ஆத்தி, தமிழ்ல எம்புட்டு அழகா அழுதாக!"

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னார்கள். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். சுவரோரம் இருந்த ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, இன்னொருக்கச் சொல்லுங்கக்கா."

கொல்லை வாசலில் இசக்கிராஜ் நின்றுகொண்டிருந்தான். அவள் கத்திய சத்தம் கேட்டு ஓடி வந்தவன். போனைப் பார்த்தான். அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும் முகங்களைப் பார்த்தான்.

பெண்களைத் தாண்டி உள்ளே வந்தான். யாரையும் ஏசவில்லை. போனைப் பிடுங்கவும் இல்லை.

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். பெண்கள் கட்டுகிற மாதிரியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். ஆண்பிள்ளை அப்படி அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"ஏலே, பொம்பளைக மத்தியில அவனுக்கு என்னல சோலி?" பந்தலிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

செல்வக்கனி நகர்ந்து உட்கார்ந்து, அவர்கள் இரண்டு பேருக்கும் இடம் விட்டாள்.