ஏழாவது கையெழுத்து

"கண்ணுல ஒரு டப்பாவை மாட்டிக்கிட்டு, நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, கடலுக்கு அடியில போறீங்களாக்கும்! வெட்கமா இல்ல?"

வாசலை அடைத்துக்கொண்டு நின்று கத்தினார் கேப்டன் நெவில்.

ஆஸ்திரேலியாவின் போர்ட் டக்ளஸ் படகுத்துறையில் அவர் குரலைக் கேட்காத மீன்கூடக் கிடையாது. முப்பத்தோரு வருஷமாகத் தினமும் காலையில் எண்பது பேரை ஏற்றிக்கொண்டு பெரும் பவளத்திட்டுக்குப் போகிறவர். போகிற ஒன்றரை மணி நேரமும் மைக்கைக் கீழே வைக்க மாட்டார். எல்லோரும் தண்ணீரில் இறங்கிய பிறகு படகிலேயே இருந்து தலை எண்ணுவார். ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணுவார். ஒருத்தரைக்கூடக் கடலில் விட்டுவிட்டு வந்ததில்லை என்ற பெருமை வேறு.

அன்று பலத்த காற்று. படகு எதுவும் கிளம்பவில்லை. வேலை இல்லாத கேப்டனைப் போல ஊருக்குத் தொல்லை வேறு இல்லை.

அவர் கையில் ஒரு மனு. கண்ணாடிக்குள் கடலடிப் படத்தைக் காட்டி, மெய்நிகர் பயணம் என்று சொல்லி ஊரை ஏமாற்றும் இந்த அறையைப் படகுத்துறையிலிருந்து அகற்ற வேண்டுமாம். துறையின் ஏழு கேப்டன்களும் கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமையோடு அறை காலி. ஆறு பேர் போட்டாயிற்று. ஏழாவது இவர். வீட்டிலேயே போட்டுத் தொலைத்திருக்கலாம். எதிரே நின்று போட்டால்தானே ருசி!

அறையை நடத்தும் கோலீனுக்குச் சொத்து என்று இருந்ததே நாலு நாற்காலி, நாலு கண்ணாடி, ஒரு கம்ப்யூட்டர்.

"ஒரு தடவை மாட்டிப் பாருங்க கேப்டன். அப்புறம் திட்டுங்க."

"நானா? நிஜத்தையே தினம் பாக்கறவன்மா நான். உப்புத் தண்ணி வாய்க்குள்ள போகணும். காது அடைக்கணும். அதுதான் பவளத்திட்டு. இது என்ன, சமையல் புத்தகத்தை நக்கிப் பசியாறுற மாதிரி!"

"உங்க படகுல ஏற முடியாதவங்க எங்க போவாங்க?"

"வீட்டுல இருக்கட்டும். எல்லாரும் எல்லாத்தையும் பாத்துத்தான் ஆகணுமா?"

மூன்றாவது நாற்காலியில் இருந்த பெண் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினாள். பெயர் பெவர்லி. மூக்கில் ஆக்சிஜன் குழாய், காலடியில் சிலிண்டர். நுரையீரல் கெட்டுப்போனதால் படகுப் பக்கமே போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. புதன்கிழமைதோறும் மலை இறங்கி இங்கே வந்துவிடுவாள்.

கேப்டன் மனுவைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஒரே ஒரு நொடிதான்.

"உங்களைச் சொல்லலம்மா. நான் பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான்.

"பரவால்ல கேப்டன்" என்றாள் பெவர்லி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "பன்னிரண்டு வருஷம் முன்னாடி உங்க படகுலதான் நானும் என் வீட்டுக்காரரும் வந்தோம். திட்டுல நீங்க படகைக் கட்டுற இடத்துக்கு நேர் கீழ ஒரு ராட்சதச் சிப்பி இருக்குமே, ஊதா உதடோட? கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தோம். இப்போ அவர் இல்ல. இந்தப் படத்துல அந்தச் சிப்பி வருது. ஆனா இதை எடுத்தே நாலு வருஷம் ஆச்சாம். அது இன்னும் இருக்கா கேப்டன்?"

"எந்தச்... ஓ, அதுவா? இருக்கு, இருக்கு."

"வெளுத்துப் போயிடலையே? கடல் சூடாகித் திட்டுல நிறைய இடம் வெளுத்துப் போச்சுன்னு டிவியில சொன்னாங்க."

"சேச்சே! பளபளன்னு இருக்கு. நேத்துகூடப் பாத்தேனே."

பெவர்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும் கேப்டன். கண்ணால பாத்த நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே இந்த அறையை மூடினாலும் எனக்கு ஒண்ணும் இல்ல."

கார் வந்தது. சிலிண்டரை இழுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

கேப்டன் நின்ற இடத்திலேயே நின்றார். கோலீன் பேனாவை நீட்டினாள்.

"போடுங்க. போட்டுட்டுக் கிளம்புங்க."

"கதவைச் சாத்து."

"எதுக்கு?"

"சாத்துன்னா சாத்தேன். வெளிய பசங்க பாக்கறானுங்க."

சாத்தினாள். திரும்பினால், கேப்டன் பெவர்லியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா சொன்ன சிப்பியைக் காட்டு."

"நேத்துகூடப் பாத்தேன்னு சொன்னீங்க?"

கேப்டன் கையெழுத்துப் போடாத மனுவை அவள் கையில் திணித்தார்.

"ஏழாவது கையெழுத்து இல்லாம இது செல்லாது. நீயே வெச்சுக்கோ. ஆனா நான் இங்க உக்காந்தது வெளிய தெரியக் கூடாது, சொல்லிட்டேன்."

அப்போதும் வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை.

கோலீன் கண்ணாடியை மாட்டிவிட்டாள். படத்தில் தண்ணீர் முகத்துக்கு மேலே ஏறியதுதான் தாமதம், கேப்டன் மூச்சை இழுத்துப் பிடித்து, மூக்கை இறுகப் பொத்திக்கொண்டார். இன்னொரு கை நாற்காலியைக் கவ்விப் பிடித்தது.

கோலீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கேப்டன்! மூச்சு விடுங்க! இங்க தண்ணியே இல்ல!"

"சிரிக்காதம்மா" என்றார் கேப்டன், மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே. "எனக்கு நீச்சல் தெரியாது. முப்பத்தோரு வருஷத்துல நான் கீழ இறங்கறது இதான் முதல் தடவை."