ஆவி படிந்த கண்ணாடி

குளியலறைக் கண்ணாடிக்கு நசீமாவை ரொம்பப் பிடிக்கும். ஆனால் தினமும் காலையில் அவள் அதன் முன் நின்று முகப்பருவைக் கிள்ளுவதைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

"மூன்று வாரமாக உன்னைத் தடவுகிறாள். நீ என்னதான் செய்கிறாய்?" என்று கண்ணாடி, டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பிடம் கேட்டது.

"நான் மெதுவாகத்தான் ஆற்றுவேன். அதற்குள் அவள் கிள்ளிவிடுகிறாள், மறுபடி சீழ் வைக்கிறது," என்றது களிம்பு.

மறுநாள் வெந்நீர் வாளியிலிருந்து எழுந்த ஆவியைக் கண்ணாடி தன்மேல் முழுக்கப் படியவிட்டது. நசீமா துடைத்தாள். அது மறுபடி மூடிக்கொண்டது. அவள் களிம்பை மட்டும் தடவிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினாள்.

ஒரு வாரம் இப்படியே போனது. கன்னத்துப் புண்கள் காயத் தொடங்கின.

"இப்போதெல்லாம் அவள் உன் பக்கம் திரும்புவதே இல்லையே," என்றது களிம்பு.

"பரவாயில்லை, ஆறட்டும்," என்றது கண்ணாடி.